இயங்காத மையத்தை நிறைவுற்ற திட்டமாகக் கணக்கு முடிக்காதீர்கள்: கைத்தறிக் குழுமத் திட்டங்களை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

ஒரு வட்டாரத்து நெசவாளர்களை ஒரு தொகுதியாகச் சேர்த்து உதவும் கைத்தறிக் குழும வளர்ச்சித் திட்டங்களுக்கு விதி வகுத்து, நிதி ஒதுக்கி, கணக்கு முடிக்கும் ஒன்றிய, மாநில அரசு அதிகாரிகளுக்கு,

எங்கள் வட்டாரக் கைத்தறிக் குழுமத்தின் திட்டக்காலம் முடிந்துவிட்டது, நெசவாளர்கள் சேர்ந்து பயன்படுத்துவதற்கான பொது வசதி மையம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது, ஆகவே பணம் உரியபடி செலவானது என்று உறுதிசெய்யும் இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழில் கையொப்பமிட்டு அனுப்புங்கள் என்று எங்கள் சங்கத்துக்கு அண்மையில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. அந்த மையம் முழுதாக இயங்கிய நாள் என்று ஒன்று இல்லை. அதன் சாயத்தொட்டிகளில் ஒரு சிட்டா (சுருள் கட்டு) நூல்கூட நனைந்ததில்லை. பூட்டிக் கிடக்கும் ஒரு கட்டடத்தை, எங்கள் சங்கத்தின் கையொப்பத்தைக் கொண்டே, நிறைவுற்ற திட்டம் என்று பதிவு செய்வதற்கு நெசவாளர்களாகிய நாங்கள் உடன்பட முடியாது.

நான் பவானி வட்டாரத்தில் ஜமக்காளம் நெய்பவள். என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் குடும்பம் கூட்டுறவுச் சங்கத்துக்கு நெய்து வருகிறது. சங்கத்துக்குத் தேர்தல் நடந்த காலத்தில் நிர்வாகக் குழுவிலும் உறுப்பினராக இருந்தேன். அதனால் திட்ட அறிக்கை எப்படித் தயாரானது, இயந்திரங்கள் எப்படி வந்து இறங்கின, பிறகு அந்தக் கதவு ஏன் பூட்டப்பட்டது என்பதையெல்லாம் அருகிலிருந்து பார்த்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

குழுமத் திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2005-06இல் 20 கைத்தறிக் குழுமங்களோடு தொடங்கிய இந்த ஏற்பாடு, 2015-16 முதல் வட்டார அளவில் விரிந்து, குழுமம் ஒன்றுக்கு 2 கோடி ரூபாய் வரை ஒன்றிய அரசின் உதவி கிடைக்கும் அளவுக்கு வளர்ந்தது. அதில் கிடைத்தவற்றில் சில எங்களுக்கு உண்மையாகவே உதவின. எங்கள் தெருவில் பலருக்குத் தறிக்கூடம் கட்டக் கிடைத்த தொகையால் தரையை உயர்த்திக்கொண்டோம். குழித்தறியில் நெய்பவர்களுக்கு அது எத்தனை பெரிய உதவி என்பது மழைக்காலத்தில்தான் தெரியும். குழியில் ஊற்றெடுத்து நீர் நின்றுவிட்டால் மிதியில் கால் வைக்க முடியாது. பாவு (தறியில் நீளவாக்கில் பூட்டும் நூல்) ஈரம் கோத்து நூல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீர் வற்றும்வரை கூலியும் இல்லை. தறிக்கு மேலே மாட்டித் தந்த விளக்குகளும் இன்றுவரை எரிகின்றன. இவை நெய்பவரின் கைக்கு நேராக வந்தவை, நெய்பவர் கேட்டு வாங்கியவை. எங்களைக் கேட்காமல் தீர்மானிக்கப்பட்ட பொது வசதி மையம்தான், செலவான தொகையில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு, பயன் தராமல் நிற்கிறது.

அந்த மையத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. ஒன்று சாயக்கூடம். பவானி என்பது பவானியாறும் காவிரியும் கூடும் இடத்தில் உள்ள ஊர் என்பது எல்லோருக்கும் தெரியும். காவிரி, அதன் துணை ஆறுகள் உள்ளிட்ட நீர்நிலைகளின் அருகே நீரை மாசுபடுத்தும் தொழில்களைப் புதிதாகத் தொடங்குவதைக் கட்டுப்படுத்தித் தமிழ்நாடு அரசு 1989இலும் 1998இலும் ஆணைகள் பிறப்பித்திருக்கிறது. திருப்பூரில் நொய்யல் கெட்டுப்போன கதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் எங்கள் பக்கத்து மாவட்டத்தில் நடந்தவை. அந்தக் கட்டுப்பாடுகளை நாங்கள் குறை சொல்லவில்லை. நாங்களும் அந்த ஆற்று நீரைத்தான் குடிக்கிறோம். ஆனால் இத்தனையும் தெரிந்திருந்தும், ஆற்றுக்கு இவ்வளவு அருகில் ஒரு சாயக்கூடத்தைத் திட்டமிட்டவர்கள், அதன் கழிவுநீரைச் சுத்திகரிக்க ஒரு ரூபாய்கூட மதிப்பீட்டில் சேர்க்கவில்லை. நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதை நாங்கள் எழுப்பியபோது, முதலில் கட்டி முடிக்கட்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்ற பதிலே வந்தது. கட்டி முடித்தார்கள், இசைவாணை வரவில்லை, வரவும் முடியாது. எங்கள் நூல் இப்போதும் முன்பு போலவே வெளியூர்ச் சாயப்பட்டறைகளுக்கு வண்டி ஏறிப் போய்த்தான் திரும்புகிறது.

இரண்டாவது, பாவு ஓட்டும் கூடம். அங்கே வாங்கி வைத்த இயந்திரம் சேலை நெய்யும் மெல்லிய நூலுக்கு ஏற்றது. ஜமக்காளத்துக்கு நாங்கள் போடுவது தடித்த நூல். சோதனைக்காக ஏற்றியபோது நூல் சிக்கிச் சிக்கி அறுந்ததை, ஒவ்வொரு அறுப்பையும் முடிச்சுப் போட்டுக்கொண்டு நின்ற பெண்களில் ஒருத்தியாக நானும் பார்த்தேன். மாற்று உதிரிபாகம் வாங்கிப் பொருத்தினால் ஓடும் என்று இயந்திரம் தந்தவர் சொன்னார். அதற்கு மதிப்பீட்டில் இடமில்லை என்று திட்ட அலுவலகம் சொன்னது. இயந்திரத்தை ஓட்டப் பயிற்சி பெற்ற எங்கள் ஊர் இளைஞர், குழும ஊதியம் நின்ற மாதமே பெருந்துறை சிப்காட்டில் ஓர் ஆலைக்கு வேலைக்குச் சென்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. மையத்தின் மின் கட்டணத்தையும் சங்கமே கட்ட வேண்டியிருந்தது. கைத்தறி நெசவாளர்களுக்கு 2023இல் 300 யூனிட்டாக உயர்த்தப்பட்ட இலவச மின்சாரம் வீட்டுத் தறிகளுக்கு உரியது. மையத்துக்குத் தரப்பட்ட இணைப்பு அதற்குள் வரவில்லை.

இவை எங்கள் ஊரில் மட்டும் தற்செயலாக நேர்ந்த தவறுகள் என்று நான் நினைக்கவில்லை. கட்டடம், இயந்திரம், பயிற்சி என்று எண்ணிக் காட்டக்கூடியவற்றுக்கு மட்டுமே பணம் ஒதுக்கி, அவற்றை மறுநாள் முதல் யார், எந்தப் பணத்தில் இயக்குவது என்பதை ஒதுக்கீட்டுக்கு வெளியே விட்டுவிடும் எந்தத் திட்டமும் இங்கேதான் வந்து நிற்கும். சங்கம் பார்த்துக்கொள்ளும் என்று எழுதிவிடுகிறீர்கள். அந்தச் சங்கத்தின் கையில் என்ன இருக்கிறது என்பதைச் சற்றுப் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

எங்கள் விற்பனை நிலையத்தில் ஒருவர் ஜமக்காளம் வாங்கினால், அரசு அறிவித்த தள்ளுபடி போக மீதியைத்தான் செலுத்துகிறார். தள்ளுபடித் தொகையை அரசு பிறகு சங்கத்துக்குத் தர வேண்டும். ஆனால் அந்த ஜமக்காளத்தின் நூலுக்கும் சாயத்துக்கும் நெய்த கூலிக்கும் சங்கம் முன்னதாகவே முழுப்பணம் கொடுத்துவிட்டது, அதுவும் மத்திய கூட்டுறவு வங்கியில் வாங்கிய காசுக்கடனிலிருந்து (வரம்புக்குள் தேவைக்கேற்ப எடுத்துத் திருப்பும் கடன்). கேட்புப் பட்டியல் தயாராகி, சரிபார்க்கப்பட்டு, நிதி ஒதுக்கீடு வந்து, பணம் சங்கத்தின் கணக்கில் விழும்வரை அந்தக் கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். அரசின் நிலுவைக்கு ஓடும் அந்த வட்டி சங்கத்தின் நட்டமாக எழுதப்படுகிறது. நட்டத்தில் உள்ள சங்கம் என்ற பெயர் வந்ததும் வங்கி அடுத்த ஆண்டுக்கான கடன் வரம்பைக் குறைக்கிறது. வரம்பு குறைந்தால் நூல் வாங்க முடிவதில்லை. நூல் இல்லாவிட்டால் பாவு தர முடிவதில்லை. பாவு கிடைக்காத நெசவாளர் சங்கத்தை விட்டுத் தனியார் முதலாளியிடம் போகிறார், அல்லது தறியைப் பிரித்து அடுக்கிவிட்டு மில் வண்டி ஏறுகிறார். உறுப்பினர் ஆர்வம் காட்டவில்லை, உற்பத்தி குறைந்துவிட்டது என்று அதன் பிறகு வரும் ஆய்வறிக்கைகள் எழுதுகின்றன. ஆர்வம் குறைந்ததற்கான காரணம் உங்கள் அலுவலகங்களில் நிலுவையில் உள்ள பட்டியல்களிலேயே இருக்கிறது.

நூல் வாங்குவதிலும் இதே நிலைதான். 2021-22 முதல் நடைமுறையில் உள்ள மூலப்பொருள் வழங்கும் திட்டத்தில் பருத்திச் சிட்டா நூலுக்கு 15 விழுக்காடு விலை மானியம் தருகிறீர்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் பணம் கட்டினால்தான் நூல் கிடைக்கும் என்பதால், கடன் வரம்பு தீர்ந்துபோன சங்கத்துக்கு அந்த மானியம் எட்டுவதில்லை. 2022 மே மாதத்தில் ஒரு கண்டி (ஏறக்குறைய 356 கிலோ) பருத்தி ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, இருப்பு வைத்திருந்த தனியார் முதலாளிகளின் தறிகள் ஓடின. எங்கள் சங்கத்துத் தறிகள் நின்றன. இன்னொரு பக்கம், நூற்பாலைகள் தங்கள் உற்பத்தியில் கட்டாயமாகச் சிட்டா நூலாகத் தர வேண்டிய பங்கு 50 விழுக்காட்டிலிருந்து 2003இல் 40 ஆகவும், 2019இல் 30 ஆகவும் குறைக்கப்பட்டது. ஒரு கையால் மானியம் தந்துவிட்டு மறு கையால் நூலின் வரத்தைச் சுருக்கும் முடிவுகளை எடுக்கும்போது, அவற்றால் பாதிக்கப்படும் தறிகாரர் யாரையும் நீங்கள் கூப்பிட்டுக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

கூலியைப் பற்றி ஒரே ஒரு ஒப்பீடு சொல்கிறேன். நூறு நாள் வேலைக்கு 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் ஊதியம் 336 ரூபாய். நாள் முழுவதும் தறியில் உட்கார்ந்தும் அந்தத் தொகை எனக்குத் தேறாத நாட்களே அதிகம். எனக்கு ஊடை நூலைத் தார் சுற்றித் தரும் என் மாமியாரின் உழைப்புக்குத் தனிக்கூலி என்று எதுவும் கிடையாது. 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுவதும் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருப்பதாகவும், அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள் என்றும் சொல்கிறது. எங்கள் சங்கத்திலோ, நெய்யும் பெண்கள் பலருக்கு உறுப்பினர் எண் கணவர் பெயரில்தான் இருக்கிறது. சங்கப் பேரவையில் கை தூக்கும் உரிமை இல்லாதவர்களின் பெயரில்தான் குழுமப் பயனாளிகள் பட்டியல் நீளுகிறது.

இத்தனைக்கும் மேல், நெய்த ஜமக்காளத்தை எங்கே விற்பது என்ற கேள்வி இருக்கிறது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு மட்டுமே உரிய ரகங்களில் ஒன்றாக வைத்தது. தொடக்கத்தில் 22 ஆக இருந்த ஒதுக்கீட்டு ரகங்கள் பின்னர் 11 ஆகச் சுருக்கப்பட்டபோதும் ஜமக்காளம் பட்டியலில் நிலைத்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று 1993இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. சட்டம் எங்கள் பக்கம் இவ்வளவு தெளிவாக இருந்தும், சோலாப்பூரிலிருந்து வரும் விசைத்தறி விரிப்புகள் பவானி ஜமக்காளம் என்ற பெயரிலேயே சந்தைகளிலும் கடைகளிலும் விற்கப்படுகின்றன. விலையில் அவற்றோடு கைத்தறி போட்டியிட முடியாது. கைத்தறி ஜமக்காளத்தின் தடிமனும், பல ஆண்டுத் துவைப்புக்கும் சாயம் நிற்கும் பட்டைகளும் வாங்குபவருக்குக் கடையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் தெரியாது. குழுமத் திட்டத்தில் வந்த வடிவமைப்பாளர் எங்கள் துணியில் கைப்பைகளும் மெத்தை உறைகளும் செய்து காட்டினார், அழகாகவே இருந்தன. அவற்றை வாங்க யாரும் ஏற்பாடு செய்யப்படவில்லை. எங்களுக்குப் புது வடிவத்தைவிட முதலில் தேவைப்படுவது, எங்கள் பெயரில் வேறொருவர் விற்பதை நிறுத்துவதுதான்.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? 2015இல் சென்னையில் தொடங்கிவைக்கப்பட்ட தேசியக் கைத்தறி நாள் ஆகஸ்ட் 7இல் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. 2020இல் அந்த நாளுக்குச் சில நாட்கள் முன்பு, ஜூலை இறுதியில், அகில இந்தியக் கைத்தறி வாரியம் கலைக்கப்பட்டது. அந்த வாரியம் எங்களுக்காகப் பெரிதாகச் சாதித்தது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் நெசவாளர் தரப்பு முறைப்படி உட்கார ஒரு நாற்காலியாவது அங்கே இருந்தது. உள்ளூரிலும் இதே நிலைதான். நிர்வாகக் குழுவின் பதவிக்காலம் முடிந்த பிறகு எங்கள் சங்கத்தை அரசு நியமித்த தனி அலுவலரே நடத்துகிறார். அவர் பொறுப்பில் வேறு சங்கங்களும் உள்ளன. இப்போது வந்திருக்கும் பயன்பாட்டுச் சான்றிதழில் அவர் ஒருவர் கையொப்பமிட்டால் போதும், உறுப்பினர் எவரும் அதைப் பார்க்கத் தேவையில்லை என்பதே எங்களை மிகவும் வருத்துகிறது. கூட்டுறவுச் சங்கங்கள் தன்னாட்சியோடும் உறுப்பினர்களின் மக்களாட்சிக் கட்டுப்பாட்டிலும் இயங்க அரசு ஊக்கமளிக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 43ஆ கூறு சொல்கிறது. ஒன்றிய அரசு 2021இல் கூட்டுறவுக்கென்றே தனி அமைச்சகம் அமைத்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழு இல்லாத சங்கத்தைக் கொண்டு நடத்தப்படும் குழுமம், கணக்கில் கூட்டுறவாக இருக்கலாம். நடப்பில் அது அரசு ஒப்பந்தப் பணிதான்.

ஆகவே உங்கள் முன் வைக்கும் கோரிக்கைகள் இவை.

எங்கள் குழுமத்தின் இறுதிச் சான்றிதழ் கோரும் கடிதத்தைத் திரும்பப் பெறுங்கள். மறுபடி சான்றிதழ் கேட்பதற்கு முன் பேரவை உறுப்பினர்கள் முன்னிலையில் மையத்தைத் திறந்து, ஒவ்வொரு இயந்திரமும் ஓடுகிறதா, என்ன விலைக்கு வாங்கப்பட்டது என்பதைப் பார்த்து எழுதி, அந்த அறிக்கையைச் சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இனி எந்தக் குழுமத்திலும், மையம் தொடர்ந்து ஓராண்டு இயங்கி, அதனால் எத்தனை தறிகளுக்குப் பாவு சென்றது என்ற கணக்கு வந்த பிறகே திட்டம் நிறைவுற்றதாகப் பதிவு செய்யுங்கள்.

சாயக்கூடத்துக்கு இனி இசைவாணை கிடைக்கப்போவதில்லை என்பதை ஒப்புக்கொண்டு, அந்தக் கட்டடத்தைச் சாயம் ஏற்றிய சிட்டா நூலின் கிடங்காக மாற்ற அனுமதி தாருங்கள். முறையான சுத்திகரிப்பு வசதியுள்ள பட்டறையில் சாயம் ஏற்றி வரும் நூலை அங்கே இருப்பு வைத்து, கூலியில் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் உறுப்பினருக்கு வழங்கினால், புதிதாக ஒரு செங்கல் வைக்காமலே அந்த மையம் பயனுக்கு வந்துவிடும். பாவு இயந்திரத்தில் தடித்த நூல் ஓடுவதற்கான மாற்றத்துக்கும், அதை இயக்குபவரின் ஊதியத்துக்கும், மின் கட்டணத்துக்கும் மூன்று ஆண்டுகளுக்காவது இயக்கச் செலவு ஒதுக்குங்கள். குழுமத் திட்டங்கள் அனைத்திலும் இதை ஒரு நிரந்தரத் தலைப்பாகவே சேர்க்க வேண்டும்.

நிலுவையில் உள்ள தள்ளுபடி மானியத்தை ஒரே தவணையில் தீர்த்துவிடுங்கள். இனி கேட்புப் பட்டியல் கொடுத்து மூன்று மாதங்களுக்கு மேல் தாமதமானால், அந்தக் காலத்துக்கான காசுக்கடன் வட்டியை அரசே ஏற்கும் என்று ஆணையிடுங்கள். எங்கள் கோரிக்கைகளில் எதை முதலில் செய்வது என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விசைத்தறி விரிப்புகள் மீது நடவடிக்கை எடுக்கும்போது, நெய்யும் இடத்தோடு நின்றுவிடாமல் விற்கும் கடைகளையும் சோதித்து, எத்தனை இடங்கள் ஆய்வு செய்யப்பட்டன, எத்தனை வழக்குகள் பதிவாயின என்பதைக் காலாண்டுதோறும் மாவட்ட வாரியாக வெளியிடுங்கள். புவிசார் குறியீட்டை மீறுவோர் மீது வழக்குத் தொடரும் செலவைச் சிறு சங்கங்கள் தாங்க முடியாது. அதை அரசு ஏற்க வேண்டும். அரசு விடுதிகளுக்கும் பள்ளிகளுக்கும் தேவையான விரிப்புகளைக் கைத்தறிச் சங்கங்களிடமிருந்தே வாங்கி, ஆண்டுக் கொள்முதல் அளவை முன்கூட்டியே அறிவித்தால், எங்களுக்கு ஆண்டு முழுதும் பாவு இருக்கும்.

சங்கத் தேர்தலை உடனே நடத்துங்கள். தேர்தலுக்கு முன், தறியில் உட்காரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அவரவர் பெயரில் உறுப்பினர் எண் வழங்குங்கள். பேரவைத் தீர்மானம் இல்லாத எந்தக் குழும அறிக்கையையும் ஏற்காதீர்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட குழு பொறுப்பேற்கும்வரை, எங்கள் சங்கத்தின் பெயரில் எந்த இறுதிச் சான்றிதழையும் தனி அலுவலரிடமிருந்து பெற வேண்டாம் என்று எழுத்துப்பூர்வமாக அறிவுறுத்தி, அதன் நகலை உறுப்பினர்களுக்கும் அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பவானி வட்டார ஜமக்காள நெசவாளி,
கூட்டுறவுச் சங்க நிர்வாகக் குழு முன்னாள் உறுப்பினர்